கழுத்து ஸ்டாண்டில் மாட்டினால் மட்டும் 2-ஆம் துளை அடைக்கிறது. ஹார்மோனிகா வாசிப்பவர்கள் உதவுங்கள்

இத்தாலியப் பாடகர் லூசியோ கோர்சியின் 'வொலேவோ எஸ்ஸெரே உன் தூரோ' (2025 சான்ரெமோ இத்தாலியப் பாடல் விழாவில் 2-ஆம் இடம், சுவிட்சர்லாந்தின் பாசலில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் 5-ஆம் இடம்) பாடலைக் கிட்டார், ஹார்மோனிகா, குரல் மூன்றும் ஒரே ஆளாகச் செய்ய வேண்டும். இடம் பலெர்மோ, மேடைக்கு மூன்று வாரம். பாசலில் மற்ற வாத்தியங்கள் பதிவுதான். ஹார்மோனிகா மட்டும் குரல் மைக் வழியே நேரடியாகக் கேட்டது. இங்கும் ஒரே மைக்தான்.

ஹார்மோனிகா: 10 துளை டயடானிக் (ஒரே சுருதிக்கான வகை), 'சி' சுருதி, பிளாஸ்டிக் சீப்பு (துளைகள் உள்ள நடுச்சட்டம்), வாங்கி ஐந்து மாதம்.

கையில் பிடித்து வாசித்தால் 2-ஆம் துளையில் உள்ளிழுக்கும் 'ஜி' சுத்தமாக வருகிறது. ஸ்டாண்டில் அதே ஸ்வரம் கால் சுருதி இறங்கி, வேகமாக இழுத்தால் ஊமையாகிவிடுகிறது. 1, 3, 4 துளைகளில் தொந்தரவில்லை.

செய்து பார்த்தவை: ரீடு (ஒலி எழுப்பும் உலோக நாக்கு) தகட்டைக் கழற்றித் துடைத்தேன். ரீடின் இடைவெளியைப் பல்குச்சியால் இம்மியளவு கூட்டியதில் அடைப்பு குறைந்தது, ஆனால் மூச்சு இரட்டிப்பாகச் செலவாகிறது, பழையபடி வைத்துவிட்டேன். ஸ்டாண்டை 2 செ.மீ. உயர்த்தினேன், மாற்றமில்லை. கிளாம் (பளபளப்பான மேடை உடை) பாணிக்காகத் தோளில் பஞ்சு திணித்த கோட்டைக் கழற்றினால் (கோர்சி திணிப்பது சிப்ஸ் பாக்கெட்!) ஸ்டாண்டு ஆடுவது நிற்கிறது, அடைப்பு நிற்கவில்லை. தலை குனிவதால் தொண்டை சுருங்கி ஸ்வரம் வளைகிறதோ (சுருதி இறங்குகிறதோ) என்பது என் சந்தேகம்.

ஸ்டாண்டில் வாசிக்கும்போது 2-ஆம் துளை வளையாமலிருக்க ஹார்மோனிகாவை எந்தக் கோணத்தில் சாய்த்து வைக்கிறீர்கள்?