மோட்டாரில் ஓடுகிற லெகோ டெக்னிக் வண்டிகள்: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தை எழுதுங்கள்

ரிக்வண்டி, திருச்செங்கோடு

லெகோ துண்டுகளிலேயே, லேலண்ட் லாரிச் சேஸிஸ் மேல் நிற்கிற போர்வெல் ரிக் மாடல் ஒன்று செய்து முடித்தேன். செட் எதையும் பார்த்துச் செய்ததில்லை, முழுக்கச் சொந்த டிசைன். பின் சக்கரங்களுக்கு எக்ஸ்எல் என்கிற பெரிய மோட்டார், ஸ்டியரிங்குக்கு சர்வோ மோட்டார், மாஸ்ட் (துளை போடுகிற கோபுரம்) தூக்க இரண்டு லீனியர் ஆக்சுவேட்டர் (சுற்றினால் நீளுகிற தண்டு), ராடு சுற்ற எம் என்கிற நடுத்தர மோட்டார் ஒன்று. ஜாக்கி நாலும் கையால் திருகி இறக்குவது. இதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான், விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா ரிக் ஆபரேட்டராகப் பாதி ஆயுசை வெளி மாநிலங்களில் கழித்தவர். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது கூடத்தில் வைத்து ஓட்டிக் காட்டினேன். வண்டி போனதையும் திரும்பினதையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்ட் தூக்க ரிமோட்டில் விரல் வைத்ததும், "நில்லு கண்ணு, ஜாக்கி போடாம மாஸ்ட்டத் தூக்குவாங்களா?" என்றார். சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்து, நாலு ஜாக்கியையும் ஒவ்வொன்றாகத் திருகி இறக்கினார். தீப்பெட்டியைக் கிழித்து, அந்த அட்டையை ஜாக்கிகளுக்கு அடியில் கொடுத்தார். காட்டில் கட்டை போடுவார்களே, அதே வேலை. தலையைத் தரையோடு சாய்த்து மட்டம் பார்த்த பிறகுதான் "இப்பத் தூக்கு" என்றார்.

மாஸ்ட் கொஞ்சம் எழும்பி நின்றுவிட்டது. டிக் டிக் டிக் என்று அந்தச் சத்தம். ஆக்சுவேட்டர் வைத்திருக்கிற யாருக்கும் தெரியும், லோடு அதிகமானால் உள்ளே இருக்கும் கிளட்ச் நழுவுகிற சத்தம் அது. அப்பாவுக்கு அது தெரிய வாய்ப்பே கிடையாது. ஆனால் காதில் விழுந்த உடனே "ரிலீஃப் அடிக்குது, விடு, அழுத்தாத" என்றார். ஹைட்ராலிக்கில் பிரஷர் எல்லை மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைத் திருப்பி டேங்குக்கு அனுப்பும். பிளாஸ்டிக் கிளட்ச் செய்கிற வேலையும் அதுதான். மாஸ்ட்டுக்கு அடியில் ஒரு விரலைக் கொடுத்து லேசாக ஏந்தினார், அது தாண்டிப் போனது. நேராக நின்றதும் "பின் எங்க?" என்று கை நீட்டினார். பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு பின் எடுத்துக் கொடுத்தேன். அடிப்பக்க ஓட்டையில் செருகிவிட்டுத்தான் கையை எடுத்தார்.

மாடல் நிஜம் மாதிரி இருக்கிறது என்று இங்கே பலர் படம் போடுகிறோம். நிஜ வண்டி ஓட்டினவர் ஒருவர் அதை நிஜ வண்டியாகவே நடத்தினதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பந்தல்நிழல், கோவை

எனக்கு ஒரு கண்காட்சி. புளூடூத் எல்லாம் வருவதற்கு முந்தின காலம், இன்ஃப்ராரெட் ரிமோட்தான். மஞ்சள் பேக்ஹோ லோடர், முன் பக்கெட்டும் பின் கையும் தனித்தனியாக வேலை செய்யும். எங்களுக்குத் திறந்தவெளிப் பந்தலில் இடம் கொடுத்தார்கள். காலையில் அருமையாக ஓடியது. பத்து மணிக்கு மேல் வெயில் மேஜைக்கு வந்ததும் ரிமோட்டை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி அசையவில்லை. வெயிலிலேயே இன்ஃப்ராரெட் ஏராளமாக இருக்கிறது, அந்த வெள்ளத்தில் ரிமோட்டின் துடிப்பு ரிசீவருக்குத் தெரியாது. ஆனால் வரிசையில் நிற்கிற குழந்தைகளிடம் இதை என்னவென்று சொல்வது?

முன்னால் நின்ற ஒரு பையன், நாலாவது ஐந்தாவது படிப்பான், தொப்பியைக் கழற்றி வண்டிக்கு மேலே குடை மாதிரி பிடித்தான். பக்கெட் எழும்பியது. நான் ஓட்ட ஓட்ட, அவன் தொப்பியைப் பிடித்துக்கொண்டே மேஜையைச் சுற்றி நடந்தான். மதியம் வரை வீட்டுக்குப் போகவில்லை. பக்கெட்டில் கடலை அள்ளி அவன் கையில் கொட்டினேன். எதனால் தொப்பி பிடித்தான், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

எட்டுப்பல், பினாங்கு

ரிக்வண்டி, உங்கள் மாஸ்ட் ஏன் நின்றது என்று சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

படுத்திருக்கும்போது மாஸ்ட்டின் எடை முழு நெம்புகோல் நீளத்தில் கீழே இழுக்கிறது. ஆக்சுவேட்டரோ கிட்டத்தட்ட மாஸ்ட்டுக்கு இணையாகப் படுத்துக்கிடக்கிறது. தூக்க வேண்டிய பாரம் உச்சத்தில் இருக்கிற அதே நேரத்தில் தூக்குகிறவனின் பிடி மிகக் குறைவு. கீல் புள்ளிக்கும் ஆக்சுவேட்டர் கோட்டுக்கும் இடையே உள்ள செங்குத்துத் தூரத்தை அளந்து பாருங்கள். அது இரண்டு ஸ்டட் (லெகோ துண்டின் குமிழ் அளவு), அதாவது 16 மி.மீ. என்றால், அடிப்பிடியை இறக்கி மூன்று ஸ்டட் ஆக்குங்கள், தூக்கும் விசை ஒன்றரை மடங்காகும். ரொம்பவும் இறக்கினால் மாஸ்ட் முழுக்க நிமிராது, பெரிய ஆக்சுவேட்டரே சுமார் ஐந்து ஸ்டட் தூரம்தான் நீளும். அதனால் முதலில் காகிதத்தில் வரைந்து பாருங்கள். இரண்டு ஆக்சுவேட்டரையும் ஒரே ஆக்ஸிலிலிருந்து சுற்றுங்கள், தனித்தனி மோட்டார் கொடுத்தால் ஒன்று முந்தி மாஸ்ட் முறுக்கிக்கொள்ளும்.

நானாக இருந்தால் காற்றழுத்தத்தில் வேலை செய்கிற நியூமேடிக் போட்டிருப்பேன். டெக்னிக்கில் நியூமேடிக் 1984இலேயே வந்தது, ஆக்சுவேட்டர் வந்தது 2008இல்தான். ரிக்குக்கு ஹோஸ் தொங்கினால்தான் அழகு.

டிரைவ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பலரும் மோட்டார் பக்கத்திலேயே எல்லாக் கியர் குறைப்பையும் முடித்துவிடுகிறார்கள். எட்டுப் பல்லிலிருந்து இருபத்துநாலு பல்லுக்குப் போனால் மும்மடங்கு முறுக்கு விசை வருகிறது. அந்த மும்மடங்கையும் அதற்கு அப்புறம் வருகிற ஒவ்வொரு ஆக்ஸிலும் ஜாயின்ட்டும் சுமக்கிறது. குறைப்பைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், நடுவே இருக்கிறவை லேசாக ஓடும். நிஜ யூனிமாக் லாரியில் போர்ட்டல் ஆக்ஸில் (சக்கரத்துக்குப் பக்கத்தில் கியர் வைத்த ஆக்ஸில்) இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம், தரையிலிருந்து உயரம் கிடைப்பது இன்னொரு காரணம். 2011இல் வந்த 8110 யூனிமாக் செட்டில் அதற்கென்றே ஒரு ஹப் (சக்கரம் மாட்டுகிற துண்டு) கொடுத்தார்கள். 2019இல் 42099 செட்டில் சக்கரத்துக்குள்ளேயே பிளானட்டரி குறைப்பு (நடுக் கியரைச் சுற்றிச் சின்னக் கியர்கள் ஓடுவது) வந்துவிட்டது. அப்புறம், சுழற்சியைத் திசை திருப்புகிற பெவல் கியர் இருக்கும் இடத்தைச் சுற்றி நாலு பக்கமும் பீம் கட்டுங்கள். சட்டம் அரை மி.மீ. விரிந்தாலும் பல் தாவும்.

என் சம்பவம் சின்னது. லீப்ஹெர் ஆர் 9800 எக்ஸ்கவேட்டர் செட், 4108 துண்டு, ஏழு மோட்டார். முடித்த அன்று இரவு அம்மாவை எழுப்பிக் காட்டினேன். அம்மா தன் மூக்குக்கண்ணாடியைப் பக்கெட்டில் வைத்து "கொண்டு போய் மேஜையில வை" என்றார்கள். வைத்தது.

மாடிப்படி, தஞ்சாவூர்

எட்டுப்பல் சொல்கிற கணக்கெல்லாம் சரி. அதன்படியே கட்டின வண்டியில்தான் எனக்கு இது நடந்தது.

நாலு சக்கரமும் இழுக்கிற ஏறுவண்டி. மொட்டைமாடிப் படியில் இரண்டு படி ஏறிவிட்டது. மூன்றாவதில் முன் இடது சக்கரம் படிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. மோட்டார் முனகுகிறது, வண்டி நகரவில்லை, பின் பக்கம் மட்டும் மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தம்பி பாய்ந்து பிடித்தான். பிரித்துப் பார்த்தால் முன் ஆக்ஸில் முறுக்கு மாதிரி திருகிக் கிடந்தது. கூட்டல் குறி வடிவ ஆக்ஸிலில் நாலு விளிம்பும் சுருளாக ஓடுவது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. ஓட்டையிலிருந்து உருவவே முடியவில்லை, பீமோடு சேர்த்து எடுத்து வைத்திருக்கிறேன்.

கடைசிக் குறைப்பு சக்கரத்திலேயே இருந்தாலும், ஒரு சக்கரம் முழுசாகப் பூட்டிக்கொண்டால் மோட்டாரின் மொத்த பலமும் அந்த ஒரு ஆக்ஸிலில்தான் இறங்கும். அதனால் குறைப்பு எங்கே என்பதோடு, எது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். வெள்ளை நிற இருபத்துநாலு பல் கிளட்ச் கியரை நடுவில் போட்டால் அது நழுவி மற்றதைக் காப்பாற்றும். ஸ்டீல் ஆக்ஸில் வாங்கிப் போடு என்று இங்கே முன்பு ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் சம்மதமே இல்லை. ஆக்ஸில் உடையாவிட்டால் கியர் பல் போகும், பல் போகாவிட்டால் டிஃபரன்ஷியல் போகும். ஆக்ஸில்தான் இருப்பதிலேயே மலிவு, அது போகட்டும்.

ரிக்வண்டி, திருச்செங்கோடு

எட்டுப்பல், தூரம் இரண்டு ஸ்டட்தான், அளந்தேன். மூன்றாக்கினால் அடிப்பிடி பின் ஆக்ஸிலில் இடிக்கிறது, பின் சட்டத்தையே மாற்றுகிறேன். நியூமேடிக் வேண்டாம். காற்று அமுங்கும், மாஸ்ட் பாதியில் நிற்கும்போது ஸ்பிரிங் மாதிரி ஆடும், வால்வைத் தொட்டால் துள்ளும். நிஜ ரிக் மாஸ்ட் ஆயிலில் ஏறுவது, ஆடாமல் ஏறும். காற்று வேலை செய்கிற இடம் கம்ப்ரஸர், அது சுத்தியலை அடிக்கவும் மண்ணை ஊதி வெளியே தள்ளவும்.

ரைன்கரை, ஜெர்மனி

மாடிப்படிக்கு: இரும்பே கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 2018இல் காட்டிய முழு அளவு புகாட்டி சிரோன் கார் மாடலை ஒரு கண்காட்சியில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். செக் நாட்டின் கிளாட்னோவில் லெகோ ஆட்கள் கட்டினது. பத்து லட்சத்துக்கு மேல் டெக்னிக் துண்டுகள், பசை கிடையாது, எடை ஒன்றரை டன். ஆனால் உள்ளே எஃகுச் சட்டம் இருக்கிறது, டயர் நிஜ டயர். ஆள் உட்கார்ந்து போகிற பாரத்தைப் பிளாஸ்டிக் மட்டும் தாங்காது என்று அவர்களே முடிவெடுத்திருக்கிறார்கள், எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

நாம் வைத்து விளையாடுகிற அதே பவர் ஃபங்ஷன்ஸ் மோட்டார்கள், 2304. கணக்குப்படி 5.3 குதிரைத்திறன். நிஜக் கார் 1500. டெஸ்ட் டிராக்கில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. கூட்டம் முழுக்க முன்பக்கம் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் கதவு வழியாகக் குனிந்து உள்ளே பார்த்தேன். ஸ்டியரிங், சீட், எல்லாம் பின்னும் பீமும். அந்த உள்பக்கத்துக்கு மட்டும் எவ்வளவு பேர் எத்தனை இரவு உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் ஓடியது. காவலர் வந்து தோளைத் தொடும்வரை குனிந்தே நின்றேன்.

பனிவண்டி, டொராண்டோ

பேட்டரி பற்றி யாரும் எழுதவில்லையே.

எங்கள் வீட்டு டிரைவ்வேயில் ஜனவரியில் பனி தள்ளுகிற லாரி மாடல் ஓட்டினேன். புதுப் பனி, மாவு மாதிரி லேசு, பிளேடு நன்றாகத் தள்ளியது. இரண்டு தடம் போட்டதும் வேகம் குறைந்து நின்றுவிட்டது. எதிர்வீட்டுப் பெரியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தவர், என்னைப் பார்த்து "பேட்டரியைச் சட்டைப்பைக்குள் வை" என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஆறு செல்லையும் கழற்றி உள்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றேன். சூடேறின பிறகு போட்டால் மறுபடி ஓடியது, அதே செல்கள்தான்.

அப்போதிருந்து குளிரில் அல்கலைன் போடுவதில்லை. ஆறு அல்கலைன் சேர்ந்து 9 வோல்ட், ஆறு ரீசார்ஜபிள் சேர்ந்து 7.2தான். காகிதத்தில் அல்கலைன் ஜெயிக்கும். எக்ஸ்எல் மோட்டார் இரண்டு ஒரே நேரத்தில் இழுக்கும்போது அல்கலைனின் வோல்ட் சரிந்துவிடும், குளிரில் இன்னும் மோசம். ரீசார்ஜபிள் தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் மெதுவாக ஓடும், ஆனால் கடைசிவரை அதே மெதுவில் ஓடும். பனி லாரிக்கு அந்த வேகம்தான் பொருத்தமும். கியர்பெட்டிக்கு அடியில் மட்டும் ஒரு தகடு கட்டிவிடுங்கள், உருகின பனி உள்ளே போய் மறுபடி உறைந்தால் பல் திரும்பாது.