தடுப்பூசியில் ஒரு தவணை தள்ளிப் போய்விட்டது, முதலிலிருந்து போட வேண்டுமா?

நிலாக்குட்டி அம்மா:

வணக்கம். மகளுக்கு நாலு மாதம் ஆகிறது. பிறந்தவுடன் போட வேண்டியதும் ஆறாவது வாரத்து ஊசிகளும் சரியாகப் போட்டாயிற்று. பத்தாவது வாரம் கிளம்பும்போது குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, சளியோடு ஊசி வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சொல்ல, நானும் சரி அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல், அதற்கடுத்த வாரம் கணவர் ஊரில் இல்லை, இப்படியே ஏழு வாரம் ஓடிவிட்டது.

உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். போன தடவை இரண்டு தொடையிலும் ஊசி, வாயில் சொட்டு மருந்து, அன்று ராத்திரி முழுக்க உடம்பு அனலாகக் கொதித்தது, தொடை கல் மாதிரி வீங்கியிருந்தது. ஒரே நாளில் இத்தனை மருந்தைப் பிஞ்சு உடம்பு எப்படித் தாங்கும், ஒவ்வொன்றாகப் போடச் சொல் என்கிறார் மாமியார். இப்போது மறுபடி முதலிலிருந்து போடச் சொல்வார்களா? பிரித்துப் போட்டால் நல்லதா? காய்ச்சல் வராத ஊசி என்று ஒன்று இருக்கிறதாமே? கிளம்பும் முன்பே பாரசிட்டமால் கொடுத்துவிடலாமா? தயவுசெய்து திட்டாமல் பதில் சொல்லுங்கள், ஏற்கெனவே தூக்கம் போய்விட்டது.

ரெட்டைவால்:

எதற்குத் திட்ட வேண்டும், என் பெரியவனுக்கு மூன்று மாதம் தள்ளிப் போனது. பயந்துகொண்டே போனேன், நர்ஸ் அட்டையைப் புரட்டிப் பார்த்தார், விட்ட இடத்திலிருந்து போட்டார், முடிந்தது. அட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள், போனிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை தொலைத்துவிட்டு எந்த ஊசி போட்டோம் எது பாக்கி என்று தெரியாமல் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்புறம் ஊசி போடும்போதே பால் கொடுங்கள். சின்னவளுக்கு அப்படித்தான் செய்தேன், வீல் என்று ஒரு சத்தம், உடனே மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஊசி அறை:

பதினோரு வருடமாகத் தடுப்பூசி போடும் வேலை என்னுடையது, நீங்கள் கேட்டதை எல்லாம் வாரம் ஒருவராவது கேட்பார்கள்.

முதலிலிருந்து போட வேண்டாம். முதல் தவணையில் கற்றதை உடம்பு மறந்துவிடாது, இடைவெளி கூடினாலும் அடுத்த தவணை அந்த நினைவைத் தட்டி எழுப்பிவிடும். இடைவெளி குறைந்தால்தான் சிக்கல், நாலு வாரத்துக்குள் மறுபடி போட்டால் சரியாக வேலை செய்யாது. அதற்காகத் தாமதமானால் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தவணை மட்டும் போட்ட குழந்தைக்குப் பாதுகாப்பு அரைகுறைதான், கக்குவான் இருமல் ஆளைக் கொல்வதும் பெரும்பாலும் இந்த முதல் சில மாதங்களில்தான். இதில் கொடுமை என்னவென்றால் இத்தனை சின்னக் குழந்தைக்கு இருமலே வராமல் போகலாம், மூச்சு நின்று நின்று வரும், நீலம் பாரிக்கும், அதுதான் முதல் அறிகுறியாக இருக்கும். இன்னொன்று, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்துக்கு மட்டும் பல நாடுகளில் வயது வரம்பு வைத்திருக்கிறார்கள், நாள் தள்ளத் தள்ள அந்தக் கதவு மூடிவிடும், அதனால் போனவுடன் அதைப் பற்றிக் கேளுங்கள்.

சளி, லேசான இருமல், இளஞ்சூடு, ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பது, இவை எதற்கும் ஊசியைத் தள்ளிப் போட வேண்டியதில்லை. கடுமையான காய்ச்சலாகக் கிடந்தால் தேறிய பிறகு போடலாம். போன தவணையில் மூச்சுத் திணறல், முகம் வீங்குவது போன்ற கடும் ஒவ்வாமை வந்திருந்தால் அது வேறு கதை, மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் குழந்தைக்கு வந்தது அதுவல்ல. தொடையில் வந்த கட்டி சில நாளில் கரைந்திருக்கும், தேய்க்கவோ எண்ணெய் தடவவோ வேண்டாம்.

பிரித்துப் போடுவது பற்றி: குழந்தை பிறந்த நிமிடத்திலிருந்து வாயிலும் தோலிலும் குடலிலும் எண்ணற்ற கிருமிகளைச் சந்தித்துக்கொண்டேதான் இருக்கிறது, ஊசியில் இருப்பது அதன் முன் ஒரு சிட்டிகை. பிரித்தால் நாலு நாள் அழ வேண்டும், நாலு தடவை அலைய வேண்டும், அதில் ஏதாவது ஒன்று இப்போது நடந்த மாதிரியே விட்டுப்போகும். உங்கள் மாமியாரையும் ஒரு நாள் கூட அழைத்து வாருங்கள், நேரில் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும்.

காய்ச்சல் வராத ஊசி என்று அவர்கள் சொல்வது கக்குவான் கிருமியின் சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்துச் செய்தது, முழுக் கிருமியைக் கொன்று செய்வது பழைய வகை. புதியதில் காய்ச்சலும் வலியும் குறைவு, அறவே வராது என்று சொல்ல முடியாது, அதன் பாதுகாப்பும் பழையதைவிடச் சீக்கிரம் தேய்கிறது. இரண்டுமே நல்ல ஊசிதான், எது கிடைக்கிறதோ அதைப் போடுங்கள், இதற்காக இன்னொரு வாரம் காத்திருக்காதீர்கள்.

பாரசிட்டமாலை முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். அப்படிக் கொடுத்த குழந்தைகளுக்கு எதிர்ப்புப் புரதம் ஓரளவு குறைவாக உருவானதை 2009-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. சில ஊசிகளுக்கு மருத்துவரே முன்பே கொடுக்கச் சொல்வார், அது தனி. காய்ச்சல் வந்து குழந்தை சிணுங்கினால் எடைக்குத் தக்க அளவில் கொடுக்கலாம். இரண்டு நாள் தாண்டியும் காய்ச்சல் விடாவிட்டால், மூன்று மணி நேரத்துக்கு மேல் அழுகையை அடக்க முடியாவிட்டால், வலிப்பு வந்தால், உடனே காட்டுங்கள்.

எதிர்நீச்சல்:

எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறீர்கள். எனக்கு ஆறு வயதில் தட்டம்மை வந்தது, பத்து நாள் படுத்தேன், எழுந்து ஓடினேன். நோய் வந்து கிடைக்கும் எதிர்ப்பு சக்திக்கு ஊசி ஈடாகுமா? ஆட்டிசம் வருகிறது என்று வேறு சொல்கிறார்கள், அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

கணக்குப்பிள்ளை:

பிழைத்த நீங்கள் இங்கே எழுதுகிறீர்கள், பிழைக்காதவர்கள் எழுத முடியாது சகோ. என் அப்பாவுடன் பிறந்த ஒருவர் தட்டம்மையில் போனவர், வீட்டில் அவருக்கு ஒரு புகைப்படம் கூடக் கிடையாது. தட்டம்மை வந்து போனால் ஏற்கெனவே மற்ற நோய்களுக்காக உடம்பு சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பு சக்தியில் ஒரு பகுதியையும் அழித்துவிட்டுப் போகிறது, அதனால் அதன் பிறகும் பல மாதம் குழந்தை வேறு நோய்களில் விழும். இரணஜன்னியை (டெட்டனஸ்) எடுத்துக்கொள்ளுங்கள், அது வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்பு சக்தி வராது, அவருக்கும் ஊசி போட்டே ஆக வேண்டும். நோய் வந்தால் போதும் என்ற கணக்கு அங்கே படுத்துவிடுகிறது.

ஆட்டிசம் விஷயம் 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை அடங்கிய எம்எம்ஆர் ஊசியைப் பற்றி லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதியதிலிருந்து கிளம்பியது. 2010-இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அதே ஆண்டு பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்து 2019-இல் வெளியிட்டார்கள், அந்த ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசமே இல்லை. வாய் திறந்தாயிற்று.

ஊசி அறை:

தட்டம்மைப் பேச்சு வந்ததால் ஒன்று, பின்னால் உதவும். மற்ற ஊசிகளில் காய்ச்சல் அன்றோ மறுநாளோ வரும். தட்டம்மை ஊசியில் உயிருள்ள, பலவீனமாக்கிய வைரஸ் இருப்பதால் ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் வரும், சிலருக்கு லேசான தடிப்பும் தெரியும். ஊசியையே மறந்திருப்பீர்கள், எங்கிருந்து வந்தது என்று குழம்புவீர்கள்.

நிலாக்குட்டி அம்மா:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை போய்விட்டு வந்தோம், மாமியாரும் வந்தார். விட்ட இடத்திலிருந்துதான் போட்டார்கள், ரோட்டாவுக்கும் நேரம் இருந்தது, அடுத்தது நாலு வாரம் கழித்து. பால் கொடுத்துக்கொண்டே போட்டதில் அழுகை ஒரு நிமிடம்கூட இல்லை, மாமியார்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போது லேசாகச் சூடு இருக்கிறது, தூங்குகிறாள். அக்கா, ஒன்று அங்கே கேட்க மறந்துவிட்டேன். பிறந்தபோது காசநோய்க்காகக் கையில் போட்ட பிசிஜி ஊசிக்குத் தழும்பே வரவில்லை, மறுபடி போட வேண்டுமா?

ஊசி அறை:

வேண்டாம். சிலருக்குத் தழும்பு வராது, அதை வைத்து ஊசி வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அட்டையில் போட்ட தேதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.