புதுப்பிப்பு: கடற்கரையில் அம்பாப் பாட்டுப் பதிவு, காற்று இரைச்சல்

பாம்பன் பக்கம் சனி, ஞாயிறு நடக்கும் நாட்டுப்புறப் பாட்டுக் கூடலில், கரையில் நின்று கரைவலை இழுப்பவர்கள் இழுத்தபடியே பாடும் அம்பாப் பாட்டைக் காற்று இரைச்சல் இல்லாமல் எப்படிப் பதிவு செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மைக்குக்குப் பஞ்சு உறை போட்டதில் இரைச்சல் கொஞ்சம்தான் குறைந்தது. கைகொடுத்தது, வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம் போகச் சொன்ன யோசனைதான். கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிப்பதால் மன்னார் வளைகுடாப் பக்கம் ஒரே அலை. பாக் விரிகுடாப் பக்கம் கடல் அடங்கிக் கிடந்தது. கரையேற்றிய வள்ளத்தின் மறைவில் மைக்கை வைத்தோம். ‘ஏலேலோ’ அவ்வளவு தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்து பாடச் சொன்னபோது பெரியவர்களுக்கு ஓரிரு அடிக்கு மேல் வரவில்லை. அப்புறம் ஒருவர், “கயித்தக் குடுங்க தம்பி” என்றார். வலைக்கயிற்றைப் பிடித்து, எதிர்ப்பக்கம் இளவட்டங்கள் இழுத்ததும், அவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாட, மறந்ததாகச் சொன்ன வரிகள் எல்லாம் வந்துவிட்டன. இழுப்பு இறுக இறுகப் பாட்டும் வேகமெடுத்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனிப் பதிவு செய்யப் போகிறவர்கள் மைக்குக்கு முன்னால் கயிற்றுக்கும் இழுக்க ஆளுக்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள். ஒப்பாரியை மட்டும் ஒரு வீட்டுத் திண்ணையில் எடுத்தோம். அங்கே உறையே போதுமானதாக இருந்தது.