1780 என்று போட்ட பெரிய வெள்ளிக்காசு: உண்மையில் எந்த வருடத்தது?

கேள்வி:

ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் ஒரு பெரிய காசு கிடைத்தது. தாத்தா ஏடன் துறைமுகத்தில் (இன்றைய ஏமன்) வேலை பார்த்துவிட்டு 1956-இல் ஊர் திரும்பியபோது கொண்டு வந்ததாம். ஒரு பக்கம் முக்காடு போட்ட, சற்றே பருத்த ஒரு பெண்மணி. மறுபக்கம் இரட்டைத் தலைக் கழுகு, 1780, அதை ஒட்டி ஒரு பெருக்கல் குறி. விளிம்பிலும் எழுத்து இருக்கிறது. மேல் விளிம்பில் எதையோ பற்றவைத்து எடுத்த தழும்பு.

ஒரு கடைக்காரர் "240 வருடத்துக் காசு, லட்சக்கணக்கில் போகும்" என்றார். இன்னொருவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "வெள்ளியே இல்லை, போலி" என்று திருப்பிக் கொடுத்தார். யாரை நம்புவது? அம்மா ஏற்கெனவே ஒரு பக்கத்தை விபூதி போட்டுத் தேய்த்துவிட்டார். மறுபக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்:

முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள், ப்ளீஸ். கறுப்பு அப்படியே இருக்கட்டும். விபூதி நுண்ணிய கீறல் போடும், புளி மேல்படலத்தை அரித்துவிடும்.

இது மரியா தெரேசா தாலர். தாலர் என்பது பழைய ஐரோப்பியப் பெரிய வெள்ளிக்காசு. மரியா தெரேசா ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசி. 1765-இல் கணவர் இறந்தார். அந்த முக்காடு கைம்பெண் கோலம். அவர் 1780 நவம்பரில் இறந்தார். ஆனால் ஏமன், எத்தியோப்பியா பக்கத்து வணிகர்கள் இந்தக் காசைத்தான் நம்பினார்கள். முகம் மாறினால் வாங்க மாட்டார்கள். அதனால் அதே முகம், அதே 1780 என்று பிறகும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். எத்தியோப்பியாவில் இதற்குப் பெயர் 'பிர்'. இன்று அந்த நாட்டுப் பணத்துக்கும் அதே பெயர்தான்.

ஆக, 1780 என்ற எண்ணை வைத்துக் காலம் சொல்ல முடியாது. பெண்மணியின் தோளுக்குக் கீழே 'எஸ். எஃப்.' இருக்கும். கூன்ஸ்பர்க் ஊர் அக்கசாலை (காசு அடிக்கும் இடம்) அதிகாரிகள் இருவருடைய பெயரின் முதல் எழுத்துகள். மறு அச்சுகளிலும் அது உண்டு என்பதால் அதுவும் சாட்சியில்லை. பெருக்கல் குறி பர்கண்டிச் சிலுவை, அதாவது பர்கண்டி என்ற ஐரோப்பியப் பகுதியின் சின்னமான சாய்வுச் சிலுவை.

இன்னொரு பதில்:

வெள்ளியா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். சரியான எடை 28.07 கிராம், அதில் வெள்ளி 83.3 சதவீதம், மீதி செம்பு. சின்ன டிஜிட்டல் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு ஏறக்குறைய 2.7 காட்டினால் நல்ல வெள்ளி. செம்பும் நிக்கலும் கலந்த போலி என்றால் 3.1-க்கு மேல் போகும். அப்புறம் விளிம்பைப் பாருங்கள். 'யுஸ்டிசியா எட் கிளெமென்சியா', அதாவது நீதியும் கருணையும் என்று இலத்தீனில் இருக்க வேண்டும். வார்ப்புப் போலிகளில் அந்த எழுத்து மழுங்கிக் கிடக்கும்.

கேட்டவர்:

செய்து பார்த்தேன் அண்ணே. எடை 27.7, தண்ணீரில் 2.7. விளிம்பு எழுத்து, தழும்பு உள்ள இடம் தவிர மற்ற இடத்தில் தெளிவாக இருக்கிறது.

பதில்:

அப்போது வெள்ளிதான், தேய்மானத்தில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. தழும்பு வளையம் வைத்த இடமாக இருக்கும். அந்தப் பக்கத்துப் பெண்கள் இதைக் கழுத்தணியில் கோத்து அணிந்தார்கள். உங்கள் தாத்தாவுக்கு முன்பே யாரோ ஒருத்தி பல வருடம் மார்பில் போட்டிருந்திருக்கலாம். எனக்கு இந்தக் காசில் பிடித்ததே அதுதான்.

லட்சம் என்று சொன்னதை மறந்துவிடுங்கள். கோடிக்கணக்கில் அடித்த காசு. தேய்ந்து தழும்பு பட்டதற்கு, உள்ளே இருக்கும் சுமார் 23 கிராம் வெள்ளியின் விலையை ஒட்டித்தான் கேட்பார்கள்.

அக்கசாலை எது என்பதுதான் சுவாரசியம். 1935-இல் முசோலினியின் இத்தாலி, ஆஸ்திரியாவிடமிருந்து அச்சுகளையும் உரிமையையும் வாங்கிக்கொண்டது. பிரிட்டன் சும்மா இருக்கவில்லை, லண்டனில் அடித்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நம் பம்பாய் அக்கசாலையும் அடித்தது. ஆஸ்திரியாவின் வியன்னா அக்கசாலை மீண்டும் தொடங்கியது 1961-இல். தாத்தா 1956-லேயே திரும்பிவிட்டதால் அந்தப் புது அச்சு உங்களுடையது இல்லை என்பது உறுதி. பம்பாய்க் காசாகக்கூட இருக்கலாம். கழுகின் வால் இறகுகள், தோளிலுள்ள முத்து அணி இரண்டையும் நெருக்கமாகப் படம் எடுத்துப் போடுங்கள். வேறுபாடு அங்கேதான் தெரியும்.

கேட்டவர்:

கழுகுப் பக்கம்தான் தேய்க்காத பக்கம், நல்லவேளை. நாளை காலை வெயிலில் படம் எடுத்துப் போடுகிறேன்.