காத்திருப்போர் பட்டியலில் 6-ம் 21-ம்: தங்கைக்கு இடம் கிடைக்குமா?

மேலூர்த் தம்பி:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் குரூப் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 487 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். மதுரையில் உள்ள தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் இரண்டு பாடங்களுக்கு விண்ணப்பித்தோம். அரசு உதவி பெறும் பிரிவில் பி.எஸ்சி. வேதியியலுக்கு, பி.சி. பட்டியலில் அவளுடைய காத்திருப்பு எண் 6. சுயநிதிப் பிரிவில் பி.எஸ்சி. கணினி அறிவியலுக்குக் காத்திருப்பு எண் 21. அது எந்தப் பட்டியலின் 21 என்று குறுஞ்செய்தியில் சொல்லவில்லை.

இதற்கிடையில் ஊருக்கு அருகிலுள்ள வேறொரு சுயநிதிக் கல்லூரியில் கணினி அறிவியலுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். வரும் திங்கட்கிழமைக்குள் முதல் பருவக் கட்டணமாக 22,000 ரூபாய் கட்ட வேண்டும். தங்கையோ மதுரைக் கல்லூரிதான் வேண்டும், காத்திருப்போம் என்கிறாள். அப்பாவின் கையில் இருப்பது இந்த ஒரு தொகைதான். இங்கே கட்டிவிட்டு, அங்கே அழைத்தால் மறுபடியும் புரட்டுவது எளிதல்ல. இந்த எண்களை நம்பிக் காத்திருக்கலாமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:

தம்பி, நான் மதுரையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். சேர்க்கைக் காலத்தில் காத்திருப்போர் பட்டியலை நகர்த்தும் வேலை பல ஆண்டுகள் என் மேசையில்தான் நடந்தது. எண் சிறியதா பெரியதா என்பதை வைத்து வாய்ப்பை அளக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் இடம் பிடித்திருப்பவர்கள் வேறு எங்கே போகக்கூடியவர்கள், எப்போது போவார்கள் என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வேதியியலை எடுத்துக்கொள்வோம். சிறுபான்மையினர் நடத்தாத உதவி பெறும் கல்லூரியில் அரசின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின்படி பி.சி.க்கு 26.5, பி.சி. முஸ்லிம்களுக்கு 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினருக்கு 20, எஸ்.சி.க்கு 15, அருந்ததியருக்கு 3, எஸ்.டி.க்கு 1 என்று பிரித்து, மீதமுள்ள 31 விழுக்காட்டைப் பொதுப் பிரிவாக நிரப்புவார்கள். சிறுபான்மைக் கல்லூரி என்றால் கணக்கு வேறாக இருக்கும். அதை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பில் 40 இடங்கள் என்று வைத்துக்கொண்டால், பி.சி.க்கு வருவது பத்தோ பதினொன்றோதான். ஆகவே பி.சி. பட்டியலில் ஆறாவது என்பது கேட்பதற்குச் சிறிய எண்ணாக இருந்தாலும், அந்தப் பதினொரு பேரில் பாதிக்கு மேல் விலகினால்தான் உங்கள் முறை வரும்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. உங்கள் தங்கைக்கு முன்னால் காத்திருக்கும் ஐந்து பேரும் பொதுப் பிரிவின் காத்திருப்போர் பட்டியலிலும் இருப்பார்கள். பொதுப் பிரிவில் ஓர் இடம் காலியாகி, அந்த ஐவரில் ஒருவர் அதில் சேர்ந்துவிட்டால், பி.சி. இடம் எதுவும் காலியாகாமலேயே உங்கள் எண் 5 ஆகிவிடும். இதைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. "எங்கள் பிரிவில் யாருமே போகவில்லையே, பிறகு எப்படிப் பட்டியல் நகர்ந்தது?" என்று என் மேசைக்கு முன் வந்து சண்டை பிடித்தவர்கள் உண்டு.

அடுத்தது, விலகுபவர்கள் எங்கே போகிறார்கள் என்பது. அறிவியல் பாடங்களில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் விலகுவது பொறியியல் கலந்தாய்வினால்தான். அந்தக் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டு, மதிப்பெண் அதிகம் உள்ளவர்களை முதல் சுற்றிலும் மற்றவர்களை அடுத்தடுத்த சுற்றுகளிலும் அழைக்கிறார்கள். இது ஜூலையில் தொடங்கி ஆகஸ்ட் வரை நீள்கிறது. கலைக் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் அதற்கு முன்பே தொடங்கிவிடும். அதனால் ஜூன் மாதம் முழுவதும் ஆணி அடித்தாற்போல் நிற்கும் பட்டியல், பொறியியல் முதல் சுற்று ஒதுக்கீடு வெளியான வாரத்தில் திடீரென்று நான்கைந்து எண்கள் இறங்கும். எங்கள் பதிவேட்டில் டி.சி. வாங்கிப் போனவர்களின் பெயரைச் சிவப்பு மையால் அடிப்போம். ஜூன் பக்கங்களைவிட ஜூலைக் கடைசிப் பக்கங்கள்தான் சிவந்து கிடக்கும்.

வேதியியலில் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. உயிரியல் படித்தவர்களும் அதில் சேர்ந்திருப்பார்கள். செவிலியர், மருந்தியல், வேளாண்மை என்று அவர்கள் போகும் இடங்கள் அதிகம். ஆனால் மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கான கலந்தாய்வு தாமதமாக நடப்பதால், அவர்கள் காலி செய்யும் இடங்கள் பெரும்பாலும் கல்லூரி சேர்க்கையை முடித்த பிறகே காலியாகும். அவற்றால் யாருக்கும் பயன் இல்லை. கடைசித் தேதிக்குப் பிறகு வகுப்பில் பெஞ்சு காலியாகத்தான் கிடக்கும்.

கணினி அறிவியல் 21 பற்றி உறுதியாக எதையும் சொல்ல மாட்டேன். கட்டணத்துக்கு அஞ்சிப் பொறியியலை வேண்டாமென்று விட்டவர்கள்தான் இப்போது அந்தப் பாடத்தில் நிறையச் சேர்கிறார்கள். அவர்கள் அசைய மாட்டார்கள். பி.காம். கேட்டிருந்தால் இந்த ஆலோசனையே வேறாக இருந்திருக்கும், ஏனென்றால் வணிகவியல் குரூப் மாணவர்களுக்குப் பொறியியல் கதவு கிடையாது, அந்தப் பட்டியல் முதல் பத்து நாட்களில் நகர்ந்தால்தான் உண்டு.

என் கணிப்பு இதுதான்: வேதியியல் 6-க்கு வாய்ப்பு இருக்கிறது, ஆனால் ஜூலைக் கடைசி வரை பொறுக்க வேண்டும்; 21-ஐ நம்பிக் கையில் உள்ள இடத்தை விட வேண்டாம்.

திருமங்கலத்து அம்மா:

ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் டி.சி. விஷயத்தை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். போன முறை என் மகளுக்கும் இதே நிலைதான். கையில் கிடைத்த கல்லூரியில் பணம் கட்டி, டி.சி., மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் அசலாகக் கொடுத்துச் சேர்த்துவிட்டோம். ஜூலை மாதத்தில் ஒரு புதன்கிழமை பிற்பகல், காத்திருந்த கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அசல் சான்றிதழ்களுடன் வர வேண்டும் என்றார்கள். மறுநாள் காலை டி.சி. கேட்டுப் போனால், முதல்வர் வெளியூரில் இருக்கிறார், முழு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் டி.சி. என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காரணம் சொன்னார்கள். சான்றிதழ்கள் கைக்கு வர ஒன்பது நாளாயிற்று. அந்த இடம் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டது. அடுத்த எண்காரப் பிள்ளையின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவளும் காத்திருந்தவள்தானே.

தம்பி, சேரும் அன்றே எல்லாச் சான்றிதழையும் ஐந்து செட் ஜெராக்ஸ் எடுத்து அட்டெஸ்டேஷன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எதையெல்லாம் அசலாகக் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் கேட்டு வாங்குங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

அழகர்கோவில் சாலை ஆசிரியர்:

நான் தற்போது கல்லூரியில் பாடம் நடத்துபவன். அம்மா சொன்னதைப் படித்து வருத்தமாக இருந்தது. அதில் விதிக்கு மாறானவை இரண்டு இருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். படிக்காத பருவங்களுக்குக் கட்டணம் கேட்கவும் கூடாது. நடைமுறையில் டி.சி.யை மட்டும் எல்லாரும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்பது உண்மை.

கட்டணத்தைத் திரும்பப் பெறுவதற்கும் அதே அறிவிப்பில் படிநிலை உண்டு. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், சிறிய பிடித்தம் போக முழுத் தொகை. பதினைந்து நாட்களுக்கும் குறைவாக இருந்தால் 90 விழுக்காடு. கடைசித் தேதி கடந்து பதினைந்து நாட்களுக்குள் என்றால் 80, முப்பது நாட்களுக்குள் என்றால் 50, அதற்குப் பிறகு எதுவும் இல்லை. சமீப ஆண்டுகளில் மாணவர்களுக்கு இன்னும் சாதகமாக அறிவித்தார்கள். 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகையும், அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியும் தர வேண்டும் என்றார்கள். உங்கள் ஆண்டுக்கான தேதியை மானியக் குழுவின் தளத்தில் பார்த்து, அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி தர மறுத்தால், மானியக் குழுவின் இ-சமாதான் தளத்தில் புகார் செய்யலாம். ஆனால் பணம் அன்றைக்கே கைக்கு வந்துவிடும் என்று எண்ணி அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், வாரக்கணக்கில் ஆகும். இரண்டாவது கல்லூரியின் கட்டணத்துக்குத் தனியாக ஏற்பாடு இருக்க வேண்டும். நல்லவேளையாக, உதவி பெறும் பிரிவின் கட்டணம் சுயநிதிப் பிரிவைவிட மிகக் குறைவு.

ஐயாவின் கருத்தோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். 21-ஐ முழுவதுமாகத் தள்ள வேண்டியதில்லை. சுயநிதிப் பிரிவில் ஒரே மாணவர் மூன்று நான்கு கல்லூரிகளின் பட்டியல்களில் இருப்பார். ஒரு கல்லூரியில் கட்டணம் கட்டியதும் மற்றவற்றில் அவர் பெயர் உதிரும். கட்டணக் கெடு முடிந்த மறுநாள் அந்தப் பட்டியல் எத்தனை எண் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். பத்துக்கு மேல் இறங்கியிருந்தால் நம்பலாம்.

ஒரு கேள்வியும் கேட்க விரும்புகிறேன். அரசுக் கல்லூரிகளுக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை? மேலூரிலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. மதுரையில் ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. விண்ணப்பச் செலவு ஐம்பது ரூபாய்தான். முதல் கலந்தாய்வுக்குப் பிறகு எஞ்சிய இடங்களுக்கு மறுபடியும் விண்ணப்பம் பெறும் வழக்கம் உண்டு; அதைக் கவனித்துக்கொண்டிருங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவளாக இருந்தால், மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் அவளுக்கு உண்டு. ஆகவே அதை வைத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

மேலூர்த் தம்பி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இன்று காலை மாட்டுத்தாவணியில் இறங்கி நேரே அந்தக் கல்லூரிக்குப் போனேன். அறிவிப்புப் பலகையில் தட்டச்சு செய்த பட்டியலின் மேல் பென்சிலால் டிக் அடித்திருந்தார்கள். கணினி அறிவியலின் 21 என்பது எல்லாப் பிரிவினரும் சேர்ந்த எண். கெடு முடிந்து அது 17 ஆகியிருக்கிறது. வேதியியல் இன்னும் 6-லேயே நிற்கிறது. வேப்பமர நிழலில் எங்களைப் போலவே காத்திருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். வேதியியல் பி.சி. பட்டியலில் 2-லும் 4-லும் இருக்கும் பெண்களின் பெற்றோர், பொறியியலுக்குப் பதிவு செய்திருக்கிறோம், கட்-ஆஃப் நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். கேட்டுக்கு வெளியே ஒருவர், பதினைந்தாயிரம் கொடுத்தால் எண்ணை மேலே ஏற்றித் தருவதாகச் சொன்னார்; கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

மேலூர் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்காதது எங்கள் பிழைதான். அடுத்த விண்ணப்பத் தேதியைக் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை 22,000 ரூபாயைக் கட்டிவிடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. சான்றிதழ் பட்டியலை இரண்டு பிரதி எழுதி வைத்திருக்கிறேன். தங்கை முகம் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:

நல்ல முடிவு, தம்பி. 2-ம் 4-ம் பொறியியலுக்குப் போனால், நீங்கள் நான்காவதாக நிற்பீர்கள். பொறியியல் முதல் சுற்று ஒதுக்கீடு வந்த மூன்றாம் நாள் மறுபடியும் நேரில் போய்ப் பாருங்கள். விண்ணப்பத்தில் யாருடைய கைப்பேசி எண்ணைக் கொடுத்தீர்கள் என்பதையும் பாருங்கள். பள்ளி மாணவிகள் பிரவுசிங் சென்டர்காரரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, அழைப்பு வந்ததே தெரியாமல் இருந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மேலூர்த் தம்பி:

ஐயா, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அப்பாவின் பழைய எண்ணைக் கொடுத்திருக்கிறாள். அதற்கு ரீசார்ஜ் செய்து இரண்டு மாதமாகிறது. நாளைக் காலை முதல் பேருந்தில் மறுபடியும் போகிறேன்.