"இன்னிக்கு இன்னா சொல்லிக் குடுத்தாங்க?" "ஒண்ணுமில்ல"

ராயபுரம் டீச்சர்:

ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன், பதினோரு வருஷமாக. போன ஆகஸ்டில் ஒரு அப்பா வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் மகளுடைய நோட்டு. "ரெண்டு மாசம் ஆவுது மிஸ். நாலு பக்கம்தான் எழுதியிருக்கு. அ, ஆ கூட வரிசையா சொல்ல வரல. கேட்டா ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலங்குறா." கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கத்தவில்லை. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

பிள்ளையைக் கூப்பிட்டுத் தரையில் எழுத்து அட்டைகளைக் கொட்டினேன். ப, ட, ம் மூன்றையும் பொறுக்கி அடுக்கி "படம்" என்றாள். நானே எதிர்பார்க்கவில்லை, குவியலில் துழாவி ஒரு "ட்" எடுத்து நடுவில் செருகினாள். "பட்டம்" என்று படித்துவிட்டு அப்பாவைப் பார்த்து, "காத்தாடிப்பா!" என்றாள். நம்ம பக்கம் பட்டத்தை யார் பட்டம் என்கிறார்கள்?

"இது எப்போ கத்துக்கிச்சு?" என்றார். இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த யாரும் நான்தான்.

எழுதவும் சேர்க்கவும் சுலபமான எழுத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், அதனால்தான் அ, ஆ வரிசை இப்போது வராது என்று ஜூன் மாதமே சொல்லியிருக்க வேண்டும். 2022இல் அரசின் "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பாட்டு, அட்டை, விளையாட்டு என்றுதான் பாதி நேரம் போகிறது. நோட்டு மெலிந்துவிட்டது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003லேயே 13 பள்ளிகளில் அட்டை வைத்துப் படிக்கிற முறையைத் தொடங்கிவிட்டார்கள். ஆனாலும் வீட்டில் படிப்பு என்றால் இன்னமும் நோட்டுதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வேறு எதை நாம் அவர்கள் கண்ணில் காட்டினோம்?

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் பெற்றோர் குரூப்பில் அரை நிமிஷ வாய்ஸ் மெசேஜ் ஒன்று அனுப்புகிறேன். ஒரு விஷயம், ஒரு கேள்வி, அவ்வளவுதான். "இன்னிக்கு என்ன படிச்சேன்னு கேட்காதீங்க. படம் எப்படி பட்டம் ஆச்சுன்னு கேளுங்க." உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். டீச்சரைத் திட்டுவதாக இருந்தாலும் சரி.

பழைய வண்ணை அம்மா:

திட்டத்தான் வந்தேன். எங்க மிஸ் ராத்திரி ஒன்பதே முக்காலுக்குப் போடுவாங்க: "நாளை 10 புளியங்கொட்டை கொண்டு வரவும்." இப்போ கடையில வர்றதெல்லாம் கொட்டை எடுத்த புளி மேடம். வீட்டுப் புளியைப் பிசைஞ்சு பார்த்ததுல ரெண்டு கிடைச்சது. மேல் மாடி, கீழ் வீடு எல்லாம் கதவைத் தட்டி, கடைசியில எதிர்வீட்டு ஆயா பரண்மேல இருந்த பல்லாங்குழிப் பெட்டியை இறக்கி எண்ணிக் குடுத்தாங்க. சோழி அஞ்சு, கொட்டை அஞ்சு. இவ்வளவு பண்ணி அனுப்பினா, எதுக்குன்னு ஒரு வார்த்தை வரல. பத்துக்குள்ள கூட்டலுக்குன்னு ஒரு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சது. அதை அன்னிக்கே சொல்லியிருந்தா வீட்டுலயும் நாலு தடவை வெச்சு விளையாடியிருப்போம்ல?

காசிமேடு:

அட்மிஷனுக்கு இவர்தான் போனாரு. தடைக்காலம், படகு கரையில நின்னுது. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு போவாது, அப்போதான் எங்க ஆம்பளைங்கள ஸ்கூல்ல பார்க்கலாம். அவர் நம்பரைத்தான் குடுத்தாரு. ஸ்கூல் திறந்த கொஞ்ச நாள்ல கடலுக்குப் போயிட்டாரு. போனா ஒரு வாரம், பத்து நாள். கரைக்குக் கிட்ட வந்து டவர் கிடைச்சதும் போன் விடாம கத்துமாம். அத்தனையும் மிஸ் அனுப்பினது. வலையை இறக்கிட்டே ஒவ்வொண்ணா கேப்பாரு. வூட்டுக்கு வந்ததும் பையனை மடியில வெச்சு திங்கக்கிழமை கேள்வியை சனிக்கிழமை கேப்பாரு. அவன், "அது பழசுப்பா"ன்னு எழுந்து ஓடுவான்.

எங்கிட்ட பட்டன் போன்தான். விடியறதுக்கு முன்னாடி ஏலத்துக்குப் போயிடுவேன். பையனைக் கூட்டியாறது எங்க ஆயா. மிஸ் கேட்டாண்ட ஆயாகிட்ட சொல்லுவாங்க, ஆயா எங்கிட்ட சொல்லும். ஆயா வழியா வர்ற சேதி கொஞ்சம் வளைஞ்சுதான் வரும். ஒருநாள், "நம்மவன் அரும்பாம், எதுத்த வூட்டுப் பொண்ணு மலராம், இவன் தேற மாட்டான் போலக்கீது"ன்னுச்சு. நான் மீன் கூடையை அப்படியே வெச்சிட்டு அழுதுட்டேன். மறுநாள் போய்க் கேட்டா, அரும்பு, மொட்டு, மலர்ன்னு மூணு நிலையாம். ஒண்ணாவதுல சேர்ந்த புள்ள அரும்புல இருக்கறது சரிதானாம். எதுத்த வூட்டுப் பொண்ணு மூணாவது!

வியாசர்பாடி:

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் குடிநீர், கழிவறை, விசிறி எல்லாம் பேசுகிறோம், வேலையும் நடக்கிறது. பிள்ளை என்ன படிக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஒருமுறை நான் கேட்டேன். "அது தனியா டீச்சர்கிட்ட கேளுங்க" என்றார்கள். தனியாகக் கேட்டால், "கூட்டத்துல கேளுங்க."

இன்னொன்று. நன்றாகப் படித்த ஐந்து பிள்ளைகளைப் படம் எடுத்துக் குரூப்பில் போடுகிறார்கள். மற்ற முப்பது வீட்டில் அன்று ராத்திரி என்ன நடக்கும் என்று யோசிப்பதில்லை.

ராயபுரம் டீச்சர்:

அந்தப் படத்தை நானும் போட்டிருக்கிறேன். "எம் புள்ள எங்க மிஸ்?" என்று ஓர் அம்மா மூன்று படங்களைப் பெரிதாக்கித் தேடியிருக்கிறார். அதோடு நிறுத்திவிட்டேன். குரூப்பில் குரல் மட்டும்தான், முகம் கிடையாது.

காசிமேடு அம்மாவுக்கு: உங்களைப்போல என் வகுப்பிலும் ஆறு வீடு இருக்கிறது. அவர்களுக்கு பிள்ளை கையிலேயே ஒரு துண்டுச் சீட்டு கொடுத்துவிடுகிறேன். பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல், "பட்டம்" மாதிரி. பிள்ளையே அதை வீட்டில் படித்துக் காட்ட வேண்டும். ஆயா வளைக்க வழியில்லை. பாதி சீட்டு வழியிலேயே ராக்கெட் ஆகிவிடுகிறது, அது வேறு விஷயம்.

தண்டையார்பேட்டை ஆட்டோ:

இதைப் படிச்சிட்டு நேத்து நைட்டு எம் பையன்கிட்ட அந்தக் காத்தாடி கேள்வியைக் கேட்டேன். டக்குன்னு "ட்"ன்னான். அப்புறம் திருப்பிக் கேட்டான்: "வட்டத்துல ட்டை எடுத்துட்டா?" நான் கொஞ்ச நேரம் முழிச்சேன். வடம்னேன். "அப்டின்னா இன்னாப்பா?" திருவொத்தியூர் தேர் இழுக்குற கயிறுடான்னேன். மாசியில கூட்டினு போய்க் காட்டணுமாம்.