மறு: டார்கெட்டட் பயாப்சி, தமிழில்?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பி) நோயாளிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சென்னை மருத்துவமனை ஒன்றுக்காக. வழக்கமான பயாப்சியில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஊசி விட்டுச் சதை எடுக்கிறார்கள். கட்டி எங்கே என்று தெரியாமல் எடுப்பதால், சுரப்பியின் முன்பக்கப் புற்று தப்பிவிடுவதுண்டு. பிரிட்டனின் புரோமிஸ் ஆய்வில் (2017, 576 ஆண்கள்) ஆபத்தான புற்றுள்ளவர்களில் 48 விழுக்காட்டினரைத்தான் அந்தப் பயாப்சி பிடித்தது, எம்.ஆர்.ஐ. 93 விழுக்காட்டினரை. எம்.ஆர்.ஐ.யில் சந்தேகமாகத் தெரியும் இடத்தில் ஊசி விடுவதை ‘குறித் திசு ஆய்வு’ எனலாமா?

---

> குறித் திசு ஆய்வு

வேண்டவே வேண்டாம். சிறுநீரகப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ஆண்குறியில் ஊசி போடுவார்கள் என்று பெரியவர்கள் பயந்துவிடுவார்கள். ஏற்கெனவே ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பியவரைத்தான் பல நேரம் மறுபடி கூப்பிடுகிறோம், அவருக்கு இந்தப் பயமும் வேறு வேண்டுமா?

---

அம்மா, ஒரு பொருளுக்கு அஞ்சிச் சொல்லையே கைவிடலாமா? அகத்திணையில் இரவுக்குறி, பகற்குறி என்பவை தலைவனும் தலைவியும் சந்திக்கக் குறித்த இடங்கள். குறித்த இடத்துக்கே ஊசி போகிறது! ‘திசு’தான் ஆங்கிலம். ஈழத்தில் ‘இழையம்’ என்கிறார்கள். அங்கே புராஸ்டேட்டுக்கும் ‘முன்னிற்குஞ்சுரப்பி’ உண்டு. கிரேக்க மூலத்துக்கும் முன்னால் நிற்பது என்றே பொருள். ‘குறியிழைய ஆய்வு’ என்க.

---

ஐயா, இழையம் என்றால் இங்கே நோயாளிக்குப் புரியாது. ‘சதை எடுத்து டெஸ்ட்’ என்பார்கள். ‘படவழிச் சதைப் பரிசோதனை’ போதாதா?

---

> படவழி

பழைய பயாப்சியும் அல்ட்ராசவுண்டு படம் பார்த்து எடுப்பதுதானே? அப்புறம், ‘வழி’ என்றால் ஊசி போகும் வழி என்று எடுத்துக்கொள்வார்கள். ஆசனவாய் வழியாக எடுப்பதும் உண்டு. எம்.ஆர்.ஐ. என்ற பெயர் இருக்கட்டும். அதை எல்லோரும் அறிவார்கள்.

---

> எம்.ஆர்.ஐ. என்ற பெயர் இருக்கட்டும்

சரி, ‘எம்.ஆர்.ஐ. இலக்குத் திசு ஆய்வு’. இலக்கு வடசொல்லா, தமிழா என்ற வாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் சரி என்கிறார்கள், இதையே அனுப்புகிறேன். அடைப்புக்குறிக்குள் ‘எம்.ஆர்.ஐ. காட்டிய இடத்தில் சதை எடுத்துப் பார்ப்பது’ என்றும் சேர்க்கிறேன்.

---

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். இலக்கு என்றால் தப்பவே தப்பாது என்று நம்பிவிடுவார்கள். எம்.ஆர்.ஐ.க்கும் சில புற்றுகள் தெரிவதில்லை. அதனால்தான் பல மருத்துவர்கள் வழக்கமான இடங்களிலும் சேர்த்து எடுக்கிறார்கள். அந்த வரியாவது கையேட்டில் வரவேண்டும்.